சில்லுப்பலகையும் பள்ளி ஹவுழும்

முப்பத்துமூன்று வயது மனிதன் ஒருவன், மௌத்தாகிப்போன வாப்பாவின் காணியை மூத்த சகோதரியான ராத்தாவின் பெயருக்கு எழுதிக்கொடுக்க லண்டனிலிருந்து கல்முனைக்குப் போகிறான். அவன் பெட்டியில் ராத்தாவுக்குச் சேலை இருக்கலாம், மச்சானுக்குக் கைக்கடிகாரம் இருக்கலாம். ஸ்கேட்போர்ட் இருக்கலாமா? என் பெட்டியில் இருந்தது. சேலைதான் மறந்துபோயிற்று. இந்தப் பயணம் உருப்படாது என்று எனக்கு அங்கேயே விளங்கியிருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. அம்பாறை தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸில் இருந்த எல்லோரையும் இறக்கினார்கள். என் பெட்டியைத் திறந்த ஆமிக்காரன் பலகையைத் தூக்கி, அடியில் இருந்த நான்கு சில்லில் ஒன்றைச் சுழற்றிப் பார்த்தான். "இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டான். விளையாட்டுச் சாமான் என்றேன். "மேலே ஏன் சொரசொரப்பாகத் தாள் ஒட்டியிருக்கிறது?" கால் வழுக்காமலிருக்க என்றேன். "நம்ப முடியாது. ஓடிக் காட்டு."

ஓடிக் காட்டினேன். தார் ரோட்டில் நான்கு எட்டு உதைத்துப் போய், பலகையோடு ஒரு துள்ளுத் துள்ளி இறங்கினேன். ஆமிக்காரர்கள் கை தட்டினார்கள். ஒருவன் தானும் ஏறிப் பார்த்து மல்லாக்க விழுந்தான், விட்டானா? மறுபடியும் ஏறினான். பஸ் இருபது நிமிடம் நின்றது. பின்னால் ஒரு பெண் சத்தம் போட்டாள்: "வெயில் கொல்லுது வாப்பா! அந்தப் பலகைய அவனுக்கே குடுத்துட்டு ஏறுங்களன்." எனக்கோ உச்சி குளிர்ந்துபோயிற்று. இருபது வருடம் லண்டனில் விழுந்து எழும்பியும் அவ்வளவு கைதட்டல் எனக்குக் கிடைத்ததில்லை.

ராத்தாவின் வீட்டில் முதல் நாள் காலை புட்டும் சூரைமீன் ஆணமும். பிறகு எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. லண்டனில் காலைச் சாப்பாடு என்றால் நின்றுகொண்டே ஒரு துண்டு பாணைக் கடித்துக்கொண்டு ரயிலுக்கு ஓடுவதுதான். இங்கே மூன்றாம் தரம் போட்டுக்கொள்ளாவிட்டால் ராத்தாவுக்குக் கோபம் வரும். மச்சான், அதாவது ராத்தாவின் கணவர், அதிகம் பேசமாட்டார். சாகாமத்தில் வயல் செய்கிறவர். கடற்கரைப் பக்கம் இருக்கிற பள்ளிவாசலுக்குத் தலைமை மரைக்கார். பள்ளி நிர்வாகம் அவர் கையில்தான்.

"இத வெச்சி என்னதான் மனே செய்யிற?" என்று ராத்தா பலகையைக் காலால் தள்ளிப் பார்த்துக் கேட்டாள்.

நான் விடுவேனா? தயிரைப் போட்டுக்கொண்டே சரித்திரம் சொன்னேன். நான் லண்டனுக்குப் போனது எழுபதுகளின் கடைசியில், பதின்மூன்று வயதில். அப்போது பலகை குட்டை, சில்லு பெரிசு. ஓட்டுகிறவர்கள் முழங்காலை மடித்து, கையை விரித்து, கொன்கிரீட் குழிகளுக்குள் வளைந்து வளைந்து போவார்கள். கடலலையில் பலகை விடுகிறவர்கள் அலை இல்லாத நாளில் தரையில் கண்டுபிடித்த விளையாட்டு அது; அதனால் தரையிலும் அலையில் போகிற நடைதான். எத்தனை வித்தை தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. எப்படி நிற்கிறான், எப்படி வளைகிறான் என்றுதான் பார்ப்பார்கள்.

எண்பதுகளில் அந்தக் குழிகளைப் பெரும்பாலும் மூடிவிட்டார்கள். நாங்கள் ஒட்டுப்பலகையால் ஆள் உயரத்துக்கு மேலே சரிவு கட்டினோம். பலகை மீன் வெட்டுகிற பலகை மாதிரி அகன்றது. அடியில் மண்டையோடு, பாம்பு, பேய் என்று கண்ணைக் குத்தும் நிறத்தில் படங்கள். தலைக்குக் கவசம், முழங்காலுக்குக் கவசம். ஆகாயத்தில் எவ்வளவு உயரம் போனான் என்பதே பேச்சு.

அதுவும் போயிற்று. தொண்ணூறுகளில் பொடியன்கள் சரிவை விட்டுவிட்டுத் தெருவுக்கு இறங்கினார்கள். பலகை ஒடுங்கி, முன்னும் பின்னும் ஒரே மாதிரி மேலே வளைந்தது. சில்லு சிறுத்துக் கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்துவிட்டது. கவசத்தைக் கழற்றி எறிந்தார்கள்; ஒரு காற்சட்டைக்குள் இரண்டு பேர் நுழையலாம். கையால் தொடாமல், வாலைக் காலால் அடித்துத் துள்ளிப் படி தாண்டுவது, உட்காருகிற வாங்கு, மதில், தொட்டி எதன் விளிம்பிலும் பலகையின் வயிற்றை வைத்துச் சறுக்குவது. விளிம்பு சொரசொரத்தால் மெழுகுதிரியைத் தேய்ப்போம். என்னைப் போன்ற பழைய ஆட்களைப் பார்த்துப் பொடியன்கள் சிரித்தார்கள். ரோசம் வந்து, முப்பது வயதுக்கு மேல் நானும் இந்தப் புதுப் பாணியைப் படித்தேன்.

"ஆரும் காசு தாறாங்களா?"

"இல்ல ராத்தா. காவல்காரன் வந்து விரட்டுவான்."

"விரட்டுறானா? அப்ப அடுத்தவன்ட சாமானிலதானே ஏறி விளையாடுற?" என்று சொல்லிவிட்டு ராத்தா சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். மச்சான் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இரண்டாம் நாள் காணி எழுத்து வேலை முடிந்தது. இந்தப் பக்கத்தில் வீடு வளவு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பான். ராத்தாவின் மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள், அவளுக்கு வீடு கட்ட அந்தக் காணி. கையெழுத்து வைத்து எழும்பியதும் என் வேலை முடிந்தது. மிச்சம் இருந்த நாட்களில் நான் ஊர் பார்த்திருக்கலாம், உறவு பார்த்திருக்கலாம். விளிம்பு தேடிக்கொண்டு அலைந்தேன்.

கல்முனை ரோட்டில் இந்தக் காலத்துச் சில்லு ஓடாது. ஒரு சின்னக் கல் போதும், ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். ஒரு பேக்கரி வாசலில் அப்படித்தான் விழுந்தேன். உள்ளேயிருந்து வந்தவர் என்னைத் தூக்கிவிட்டுச் சில்லைப் பார்த்தார். "அல்லாட காவல்! இவ்வளவு தூரத்தில இரிந்து கொண்டு வந்தீங்க, கொஞ்சம் பெரிய சில்லாப் பூட்டிக் கொண்டு வந்திரிக்கலாமே." எனக்குச் சூடாகப் பணிஸ் ஒன்றும் தந்தார்.

அரிசி ஆலை ஒன்றின் பின்னால் நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளம் இருந்தது. லண்டனில் அப்படி ஒரு தளத்துக்கு நாங்கள் உயிரை விடுவோம். பலகையைக் கீழே போட்டேனோ இல்லையோ, நெல்லை வாரிக்கொண்டிருந்த பெண்கள் மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "சப்பாத்தோட நெல்லுல ஏறாதீங்க வாப்பா!" நான் பயந்துபோய் இறங்கிவிட்டேன். அந்தப் பயம் வியாழக்கிழமையும் எனக்கு இருந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை நண்பகல் லுஹர் தொழுகைக்கு மச்சானோடு பள்ளிக்குப் போனேன். முன்முற்றத்தில் ஹவுழ், தொழுகைக்கு முன் கை கால் கழுவி உளூச் செய்கிற நீர்த்தொட்டி, புதிதாகக் கட்டியிருந்தார்கள். முழங்கால் உயரம். விளிம்பு நாலு விரல் அகலத்துக்குக் கறுப்புச் சீமெந்து மினுக்கி, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நூல் பிடித்தமாதிரி நேர். சுற்றிலும் வழவழப்பான தளம். ஆதம்பாவா அன்றைக்குத்தான் தண்ணீரை இறைத்துவிட்டு, தும்புக்கட்டையால் பாசி தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்காக ஒவ்வொரு வியாழனும் அவர் செய்கிற வேலை அது.

ஆதம்பாவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த ஆள், கழுத்தில் எப்போதும் ஒரு துவாய். மனைவி இறந்துவிட்டார். வீடு மனைவியின் வீடு. அது மகளுக்குப் போய், மகளின் மாப்பிள்ளையோடு ஒத்துவராமல் வெளியே வந்தவர். பள்ளி வளவில் ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். ஹவுழ் கழுவுகிற வேலையும் அந்த அறையும்தான் அவருக்கு இருந்த எல்லாமே. அன்று என்னைக் கண்டு, "லண்டன்ல பள்ளியெல்லாம் இரிக்கா தம்பி?" என்று கேட்டார். இருக்கு என்றேன். என் கண் விளிம்பில் இருந்தது.

லுஹருக்கும் மாலை அஸருக்கும் நடுவில் ஊர் தூங்கும். நான் பலகையை ஒரு சாரத்துணியில் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். போகிற வழியில் கடையில் ஒரு மெழுகுதிரி வாங்கினேன். தொழுகிற இடத்துக்குள் போகவில்லையே, வெளி முற்றம்தானே என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். ஊரே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடக்கிற முற்றத்தில் சப்பாத்தோடு நடந்தேன். மெழுகுதிரியை விளிம்பில் முனையிலிருந்து முனைவரை அழுத்தித் தேய்த்தேன். பிறகு உதைத்து வந்து துள்ளி, பலகையின் வயிற்றை விளிம்பில் போட்டுச் சறுக்கினேன். ஆறு தரம். ஆறாவது தரம் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்குப் போய் இறங்கினேன். என் வாழ்க்கையிலேயே நல்ல சறுக்கல் அதுதான் என்று அப்போது நினைத்தேன். பலகையின் சாயம் கறுப்பு விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு விட்டிருந்தது. அதைக் கைலேஞ்சியால் துடைத்தேன். மெழுகைத் துடைக்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இடியப்பத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மச்சான் வந்தார். முகம் கறுத்திருந்தது. மோதினார், பள்ளியில் பாங்கு சொல்கிறவர், விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு முதல் ஆளாகப் போய், மற்றவர்களைப் போலத் தளத்தில் குந்தாமல், ஹவுழ் விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைத்துக் கழுவியிருக்கிறார். கால் வழுக்கிவிட்டது. தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில்.

"பாசி," என்றார் மச்சான். "ஆதம்பாவா ஒழுங்காத் தேய்க்கல்ல."

ராத்தா தண்ணீர் தந்தாள். குடித்தேன். சொல்ல வேண்டிய நேரம் அது. ஒரு வசனம் போதும். நான் சொதியை ஊற்றிக்கொண்டேன்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து யாரும் கலையவில்லை. மச்சான் எழும்பி ஆதம்பாவாவைக் கூப்பிட்டார். எல்லோரும் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் நின்றார்.

"நேத்து ஹவுழத் தேச்சீங்களா?"

"தேச்சன்."

"விளிம்பையும் தேச்சீங்களா?"

"ஓம்."

"தேச்சா எப்பிடி வழுக்கும்?"

ஆதம்பாவா சபையைச் சுற்றிப் பார்த்தார். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பாயில் ஒரு நூல் பிரிந்து கிடந்தது; அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் கழித்து அவர் குரல் கேட்டது: "என்ட பிழையாத்தான் இரிக்கும். பொறுத்துக்கங்க."

வேலையிலிருந்து நிற்பாட்டுவது, அறையை விடுவது என்று தீர்ப்பாயிற்று. அஸருக்குள் அவர் ஒரு பையோடு பாலமுனையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார் என்று ராத்தா சொன்னாள். "தங்கச்சிட வீட்டில மாப்பிள்ளைக்குக் கீழ எத்தின நாளைக்கு இரிக்கிற? பாவம்கா அந்த மனிசன்," என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஆறு நாள். சாப்பாடு அதேதான், கீரிமீன் பொரியல், வட்டிலப்பம் எல்லாம் வந்தது, நாக்குக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. ஐந்து வேளையும் பாங்கு வேறு குரலில் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் மோதினாரைப் பார்த்தேன். காலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். "லண்டன்ல இரிந்து வந்த புள்ள என்னப் பாக்க வந்திரிக்கி" என்று அடுத்த கட்டில்காரரிடம் பெருமையாகச் சொன்னார். நான் கொண்டுபோன திராட்சைப் பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். வெட்கம் கெட்டவன் என்று ஊரில் திட்டுவார்கள். எனக்கு வெட்கம் கெடவில்லை. அது எச்சில் போல வாய்க்குள்ளேயே கிடந்தது, துப்பத்தான் தைரியம் இல்லை. மோதினாருக்குக் கால்தான் முறிந்தது. ஆதம்பாவாவுக்கு இருந்த இடமும் பெயரும் போய்விட்டன.

புறப்படுகிற வியாழக்கிழமை காலை, பெட்டியைக் கட்டிவிட்டு மச்சானிடம் சொன்னேன். மெழுகு, பலகை, சப்பாத்து எல்லாம். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராத்தா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மச்சான் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"சபையில வெச்சி அந்த மனிசன நான் விசாரிச்சனே," என்றார். பிறகு, "நீங்க பஸ்ஸுக்குப் போங்க. நேரமாகுது."

பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். சாரதி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். அப்போது பள்ளி ஒலிபெருக்கி கரகரத்து ஸலாம் சொன்னது. பாங்கு நேரமில்லாத நேரத்தில் ஒலிபெருக்கி பேசினால் ஊரில் மையத்து, யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். பஸ்ஸில் கதை நின்றது. மச்சானின் குரல்: "மர்ஹூம் சீனிமுகம்மது அவர்களின் மகன், லண்டனிலிருந்து வந்திருக்கும் நவாஸ்..."

"இன்னாலில்லாஹி," என்றார் என் பக்கத்தில் இருந்தவர். "வாலிபப் புள்ளையாம் போல."

குரல் தொடர்ந்தது. "...அவர் நமது பள்ளி ஹவுழின் விளிம்பில் மெழுகு பூசி விளையாடியதாலேயே மோதினார் விழுந்தார். ஆதம்பாவா அவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னது என் பிழை. அவரிடம் ஜமாஅத்தார் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கிறேன்." இரண்டு தரம் சொன்னார். என் வாப்பாவின் பெயரையும் இரண்டு தரம் சொன்னார்.

பஸ்ஸில் ஒரே இரைச்சல். "ஹவுழுல மெழுகா? மூள பெரண்ட ஆளா?" "லண்டன்ல அப்பிடித்தான் உளூ எடுக்கிறயோ என்னவோ." சிரிப்பு. பக்கத்து ஆள் என்னிடம் திரும்பி, "ஆரு தம்பி அது, தெரியுமா?" என்று கேட்டார். என் மடியில் சாரத்தில் சுற்றிய பலகை இருந்தது. "நான்தான்," என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் புறப்பட்டு சாய்ந்தமருது தாண்டுகிறபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒலிபெருக்கி ஊர் முழுக்கக் கேட்கும்; பாலமுனைக்குக் கேட்காது. கேட்க வேண்டிய ஒரே ஆள் அங்கேதான் இருந்தார். காரைதீவுச் சந்தியில் பஸ் உள்நாட்டுப் பக்கம் திரும்புவதற்கு முன் எழும்பி நின்று கத்தினேன். கண்டக்டர் ஏசிக்கொண்டே பெட்டியை இறக்கினான். விமானம் மறுநாள் இரவு. தவறினால் தவறட்டும் என்று பாலமுனை வழியாகப் போகிற அக்கரைப்பற்றுப் பஸ்ஸில் ஏறினேன்.

பாலமுனையில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. ஆதம்பாவா வேலியோரம் தங்கச்சி மாப்பிள்ளையின் வலையில் சிக்கிய குப்பையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழும்பவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் ஒலிபெருக்கியில் சொன்னதையும் சொன்னேன். பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"மெழுகு எண்டு எனக்குத் தெரியும்," என்றார் அவர்.

எனக்கு விளங்கவில்லை.

"அண்டைக்கு விடியவே நகத்தால சுரண்டிப் பாத்தன். இன்னொரு ஆள் விழுந்திரக் கூடா எண்டு சுடுதண்ணி ஊத்தித் தேச்சிக் கழுவினன். ஜும்ஆக்கு எத்தின சனம் வரும்? கறுப்புச் சீமெந்துல ஒரு சொட்டுச் செவப்புச் சாயமும் இரிந்த. இந்த ஊர்ல ஆருட்ட செவப்புப் பலகை இரிக்கி?"

மோதினார் விழுந்த பிறகுகூட அதைப் போய்க் கழுவ வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. என் பெயர் வெளியே வந்துவிடுமோ என்று மட்டும்தான் ஆறு நாளும் யோசித்திருந்தேன்.

"அப்ப ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மரைக்கார்ர மச்சினன நான் சொன்னா ஆரு நம்புற? அதுவும் இல்ல." வலையைக் கீழே வைத்தார். "நான் சபையில ஒங்களத்தான் பாத்துட்டு நிண்டன் தம்பி. இப்ப எழும்புவீங்க, இப்ப எழும்புவீங்க எண்டு. நீங்க பாயப் பிச்சிட்டு இரிந்தீங்க."

அவர் உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு பையோடு வந்தார். "இண்டைக்கு வியாழன். ஹவுழு கழுவணும்," என்று தங்கச்சியிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். கூட்டம் இல்லை. பெட்டியையும் பலகையையும் காலுக்குக் கீழே தள்ளிவிட்டு, ஜன்னல் பக்கம் ஒதுங்கி, என் பக்கத்து ஆசனத்தைக் கையால் தட்டிக் காட்டினேன்.

ஆதம்பாவா மேல் கம்பியைப் பிடித்தபடி கல்முனை வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.